கடலோரத்தில் மூன்று பேர்: என் கடைச் சுவரில் இருக்கும் பிக்காசோ

கேள்வி இது: "ஒரு பெரிய ஓவியர் வரைந்த சோகமான ஓவியம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் மாட்டலாம் என்றால் 'அழுமூஞ்சிப் படம் வீட்டுக்கு ஆகாது' என்று அம்மா தடுக்கிறார். இப்படி ஒரு படத்தின் மேல் ஒட்டுதல் வருவது சரிதானா? உங்களுக்கு அப்படி ஏதாவது ஓவியம் உண்டா?"

உண்டு. பாப்லோ பிக்காசோ 1903-ல் பார்சிலோனாவில் வரைந்த 'தி டிராஜடி'. 'கடலோரத்து ஏழைகள்' என்று அதற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பெயர்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருக்கிறேன். அப்பா வைத்த கடை. நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவன். அதனால் ஓவியம் படித்தவனாகவும் பேசலாம், ஜனங்கள் எந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், எதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவனாகவும் பேசலாம். உங்கள் கேள்விக்கு இரண்டாவது அனுபவம்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் படம். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பையன். மூன்று பேரும் வெறுங்காலோடு கடல் ஓரத்தில் நிற்கிறார்கள். காலடியில் மணல், பின்னால் தண்ணீர், அதற்கு மேலே வானம். எல்லாமே நீலம். மணல்கூட நீலம் தோய்ந்துதான் இருக்கிறது. பெண் பெரும்பாலும் முதுகைக் காட்டி நிற்கிறாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலை கவிழ்ந்திருக்கிறது. தாடிக்கார ஆண் குளிரில் நடுங்குகிறவன் மாதிரி கைகளை மார்போடு இறுக்கிக் கட்டியிருக்கிறான். அவனும் கீழேதான் பார்க்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளும் தூரத்தில் நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பையன் மட்டும்தான் ஏதோ செய்கிறான்: ஒரு கையால் அந்த ஆளைத் தொடுகிறான், மற்றொரு உள்ளங்கை திறந்திருக்கிறது. கேட்கிறானா, சொல்கிறானா, சமாதானம் செய்கிறானா, தெரியாது.

இவ்வளவுதான் படம். படகு இல்லை, வலை இல்லை, மூட்டை முடிச்சு இல்லை, செத்துக் கிடக்கிறவர் யாரும் இல்லை. என்ன நடந்தது என்று சொல்லும் பொருள் ஒன்றுகூடப் படத்துக்குள் கிடையாது. பிக்காசோ அதையெல்லாம் வேண்டுமென்றே வெளியே நிறுத்திவிட்டார்.

மரப்பலகையின் மேல் எண்ணெய் வண்ணம். எங்கள் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய மூன்றரை அடிக்கு இரண்டேகால் அடி. அசல் இருப்பது வாஷிங்டன் நேஷனல் கேலரியில். செஸ்டர் டேல் என்ற பங்குச்சந்தைக்காரர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களோடு, 1962-ல் அவர் இறந்த பிறகு, அங்கே போய்ச் சேர்ந்தது. இந்தப் படங்களை வேறு எங்கும் இரவல் கொடுத்தனுப்பக் கூடாது என்று அவர் நிபந்தனை போட்டுவிட்டார். எனவே எந்தக் கண்காட்சிக்காகவும் இது சென்னைக்கு வரப்போவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும். நான் போனதில்லை. என்னிடம் இருப்பது சென்ட்ரல் பின்னால் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த ஓவியப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த பக்கம். அதற்கு நானே தேக்குச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஏன் இத்தனை நீலம் என்றால், 1901-லிருந்து 1904 வரை பிக்காசோ பெரும்பாலும் இப்படித்தான் வரைந்தார். 'நீலக் காலம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தொடங்கி வைத்தது ஒரு சாவு. கார்லஸ் காசாகெமாஸ் என்று ஒரு கூட்டாளி. பார்சிலோனாவில் ஒன்றாகத் திரிந்தவர்கள், 1900 அக்டோபரில் பாரிஸுக்கும் ஒன்றாகவே போனவர்கள். அங்கே காசாகெமாஸுக்கு ஜெர்மேன் என்ற பெண் மேல் காதல். அவளுக்கு அப்படி இல்லை. 1901 பிப்ரவரி 17 அன்று நண்பர்களோடு சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவளை நோக்கிச் சுட்டான். குறி தப்பியது. அடுத்த குண்டைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டான். பிக்காசோ அப்போது மாட்ரிட்டில் இருந்தார். அதே ஆண்டு பாரிஸுக்குத் திரும்பியபோது தங்கியது செத்துப்போன நண்பன் இருந்த அறையில். அவனை நினைத்துத்தான் நீலத்தில் வரைய ஆரம்பித்தேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நீலம் மலிவாகக் கிடைத்தது, கையில் காசில்லை, அதனால் நீலம் என்றும் ஒரு கதை உலவுகிறது. நான் நம்பவில்லை. காவியும் பழுப்பும் மாதிரி மண் நிறங்கள் நீலத்தைவிட எப்போதுமே மலிவு. காசில்லாதது மட்டும் உண்மை. 1902-ன் கடைசியில் பாரிஸில் மாக்ஸ் ஜேக்கப் என்ற கவிஞரோடு ஒரே அறை, ஒரே கட்டில். அவர் ராத்திரி தூங்குவார், இவர் பகலில் தூங்குவார். நீலப் படங்கள் விற்கவும் இல்லை. 1903 தொடக்கத்தில் தோற்றுப்போன ஆளாகத்தான் பார்சிலோனாவுக்குத் திரும்பினார். வயது 21. அந்த ஊரும் அப்போது நன்றாக இல்லை. 1898-ல் கியூபா ஸ்பெயினின் கையைவிட்டுப் போன பிறகு நொடித்த நாடு, 1902-ல் பெரிய பொது வேலைநிறுத்தம், தெருவெங்கும் வேலையில்லாதவர்கள். இந்த மூன்று பேரும் அங்கிருந்து வந்தவர்கள்.

நீலத்தைப் பற்றித் தொழில் ரீதியாக ஒன்று சொல்ல வேண்டும். வெயில் படும் சுவரில் மாட்டிய அச்சுப் படம் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். சில வருடங்களில் அது நீலமாகிவிடும். சலூன் கடைக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் நடிகர் படம், டீக்கடைப் பிள்ளையார், தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இதே கதைதான். அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும்தான் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். சிரித்த முகமாக வாங்கிப்போன படத்தைச் சட்டம் மாற்றக் கொண்டுவருவார்கள், பார்த்தால் உதடு நீலம், கன்னம் நீலம், போட்டிருக்கும் சிவப்புச் சட்டை சாம்பல். எந்தப் படமும் கொஞ்ச காலம் வெயிலில் கிடந்தால் தன் நீலக் காலத்துக்கு வந்து சேர்கிறது. என்னிடம் இருக்கும் பக்கமும் வெளுத்துதான் போயிருக்கிறது. முதலில் அந்த ஆணின் பாதத்திலும் பையனின் கையிலும் லேசாக ஒரு மஞ்சள் பூச்சு இருந்தது. இப்போது அதைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு படத்துக்கு மட்டும் அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

சரி, கடைக்கு வருகிறவர்கள் விஷயம். சட்டம் அறுத்து, மூலை சேர்த்து, கண்ணாடி வெட்டும் வரை அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்கு எதிரே பிக்காசோ. யார் வரைந்தது என்று கிட்டத்தட்ட ஒருவரும் கேட்பதில்லை. என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அம்மா, மாதா படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, போட்டு வர்லியா அவங்களுக்கு?" என்றார். கடலுக்குப் போன படகு திரும்பவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடலைப் பார்க்காமல் நிற்கிறார்களே என்றேன். "எவ்ளோ நேரம்தான் பாப்பாங்க?" என்றார். கலை வரலாறு படித்த யாரும் எனக்கு இப்படி ஒரு விளக்கம் சொன்னதில்லை. அவர்கள் பார்த்து ஓய்ந்தவர்கள் என்று அவருக்கு உடனே பட்டிருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் சரக்கு இறக்கும் ஒருவர், "வூட்டக் காலி பண்ணச் சொல்ட்டாங்க போலக்கீது" என்றார். கால்வாய் ஓரத்துக் குடிசைகளைப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதெல்லாம் பார்த்தவர்களுக்கு, சாமான் இல்லாமல் நிற்கும் குடும்பம் என்றால் அதுதான் தோன்றும். ஒரு டீச்சருக்கு அது புருஷன் பெண்டாட்டி சண்டை. பையன் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிறானாம். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், "பசிக்குதுன்னு சொல்றான்" என்று முடித்துவிட்டு செல்போனுக்குத் திரும்பிவிட்டான். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, வரும் ஆண்கள் அந்தக் கட்டிய கைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போது துறைமுகத்துப் பக்கம் போனால், அதே மாதிரி கை கட்டி நிற்கிற ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள்.

உங்கள் அம்மா சொல்வது இங்கேதான் வருகிறது. 'துக்கமான படம் வீட்டுக்கு ஆகாது' என்பதை நான் கேட்காத வாரமே இல்லை. போர்க்களம் ஆகாது, மூழ்கும் கப்பல் ஆகாது, அழும் குழந்தை ஆகவே ஆகாது. ஏழு குதிரை ஓடலாம், அருவி விழலாம், கொழுகொழு குழந்தை சிரிக்கலாம். ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுச் சுவரை யோசித்துப் பாருங்கள். இராயபுரத்தில் பாதி வீடுகளில் நெஞ்சில் வாள் பாய்ந்த வியாகுல மாதா இருக்கிறார். முள்முடியும் ரத்தமுமாக இயேசு இருக்கிறார். 'கடைசி இராப்போஜனம்' என்ன படம்? மறுநாள் சாகப்போகிறவரின் விருந்து. இந்து வீடுகளில் விளக்கு எரிய, பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலையோடு தாத்தாவும் பாட்டியும். எங்கள் கடையின் வருமானத்தில் பெரும்பங்கு சாவு வீட்டிலிருந்துதான் வருகிறது. பதினாறாம் நாளுக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள்.

ஆக, துக்கத்தை நாம் மாட்டத்தான் செய்கிறோம். யாருடைய துக்கம், எதனால் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதா அழுவது மகனுக்காக. மாலை போட்டிருப்பது மாமனாருக்கு. கும்பிடலாம், நாள் பார்த்துப் படையல் போடலாம், பூ மாற்றலாம். செய்வதற்கு ஏதோ இருக்கிறது. பிக்காசோவின் இந்த மூன்று பேருக்கு நாம் என்ன செய்ய முடியும்? யார் என்றே தெரியாது. காரணம் தெரியாத துக்கத்தை வீட்டுக்குள் விட்டால் அது நம்மிடமே காரணம் தேடும் என்ற பயம்தான் உங்கள் அம்மாவுக்கு. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் பெரியவர்கள் படங்களைச் சாதாரண அலங்காரமாகப் பார்த்ததில்லை. ஒரு படம் நம்மை ஏதாவது செய்யும் என்பதை, ஓவியக் கல்லூரி ஆசிரியர்களைவிட அவர்கள் உறுதியாக நம்புகிறார்கள்.

'தி டிராஜடி' என்ற பெயர் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். ஏதோ ஒரு சம்பவம் நடந்துவிட்டது என்று அது முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. 'கடலோரத்து ஏழைகள்' என்றால் நமக்கு வேலை மிச்சம் இருக்கிறது.

எனக்கு ஒட்டுதல் வந்த கதையைக் கேட்டீர்கள். படத்தை வாங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வரைந்திருக்கிறான், எல் கிரெக்கோ என்ற பழைய ஓவியரைப் பார்த்து உடம்பை நீட்டி இழுத்திருக்கிறான் என்று மாணவத்தனமாக ரசித்தேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. சுனாமியில் இந்தப் பக்கத்துக் குப்பங்களும் அடிவாங்கின. அடுத்த வாரங்களில் கடைக்கு வந்ததெல்லாம் போட்டோக்கள். பல பேருக்குத் தனிப் படமே கிடையாது. ரேஷன் கார்டில் ஒட்டியதைப் பிய்த்துக் கொண்டுவந்தார்கள். கல்யாண வீட்டு குரூப் போட்டோவில் விரலை வைத்து "இவர்தான்" என்றார்கள். பக்கத்து ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து, அந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கித் தருவார்கள். நான் சட்டம் போடுவேன்.

ஓர் அம்மா தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். குரூப்பிலிருந்து வெட்டியது. பெரிதாக்கியதில் தம்பியின் தோள் மேல் வேறு யாரோ போட்ட கை அப்படியே தங்கிவிட்டது. முகம் இல்லை, உடம்பு இல்லை. விரல்கள், ஒரு மோதிரம், மடித்துவிட்ட சட்டைக்கையின் ஓரம், அவ்வளவுதான். அழித்துவிட்டு வேறு பிரிண்ட் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "இருக்கட்டும்ப்பா. தனியா நிக்கிற மாதிரி இருக்க வேணாம்."

அன்றைக்குக் கடை மூடும்போதுதான் பிக்காசோ படத்தில் பையனின் கையைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் அதை ஒரு கோணம், ஒரு கோடு என்று பார்த்திருந்தேன். மூன்று உடம்புகளும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே மூடிக்கொண்டு நிற்கின்றன. தொடுதல் என்று இருப்பது அந்த ஓரிடத்தில் மட்டும்தான். அதை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், மூன்று சிலைகள்தான் மிஞ்சும். விரலை எடுத்தால் குடும்பம்.

சிலைகள் என்று சொன்னேன் இல்லையா, படத்தின் மேல் எனக்கு இருக்கும் குறையும் அதுதான். நேசிக்கிற படம் என்பதால் விட்டுக்கொடுக்க முடியாது. நீலக் காலத்துப் பிக்காசோ வறுமையைக் கொஞ்சம் அழகுபடுத்துகிறார். அந்தப் பெண்ணின் போர்வை மடிப்புகளைப் பாருங்கள், பளிங்கில் செதுக்கின கோயில் சிலை. பட்டினி கிடக்கிறவர்கள் இத்தனை நேர்த்தியாக நிற்பதில்லை. அதே காலத்தில் வரைந்து இப்போது சிகாகோவில் இருக்கும் கிட்டார் வாசிக்கும் கிழவர் படத்தில் இது இன்னும் அதிகம். உடம்பை அப்படி மடித்து உட்கார்ந்து எவரும் ஒரு பாட்டுகூட வாசிக்க முடியாது. அது உலகப் புகழ் பெற்ற படம்தான். ஆனால் நம்மைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று சொல்லச் சொல்லி வற்புறுத்துகிறது. கடலோரத்து மூன்று பேர் அந்த அளவுக்குப் போகவில்லை. நம்மிடம் அவர்கள் எதையும் கேட்கவில்லை. நாம் நிற்பதே அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று, வடசென்னையில் யாரும் துக்கத்தில் இப்படி வாய் மூடி நிற்க மாட்டார்கள். இங்கே சாவு என்றால் சத்தம். தெருவை அடைத்துப் பந்தல், மேளம், பட்டாசு, வழியெல்லாம் பூ, ராத்திரி முழுக்க கானா. பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள், போனவரைத் திட்டித் தீர்ப்பார்கள். இந்த மூன்று பேரின் அமைதி நம் ஊர் அமைதி கிடையாது என்று என் நண்பர் ஒருவர் சாதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தல் பிரித்த பிறகு ஒரு நாள் வருமே, வாடகை நாற்காலி எல்லாம் வண்டியில் ஏறிப்போய், சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய், அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று வீட்டு மனிதர்கள் மட்டும் வாசலில் நிற்கும் நாள். பிக்காசோ வரைந்தது அந்த நாளைத்தான். அதற்கு மேளம் கிடையாது. அதனால் அதைப் பற்றி நாம் பேசுவதும் இல்லை.

அப்புறம் அந்த மணல். எனக்கு அது பொறாமை. நம் கடற்கரையில் அலைகள் வருடத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டியது வரவில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. வீடு போனது, தெரு போனது. இப்போது அரித்துப்போகாமல் இருக்கப் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தத் துறைமுகச் சுவர்களை 1881 நவம்பரில் ஒரு புயல் உடைத்துப் போட்டது. பிக்காசோ பிறந்தது அதற்கு முந்தின மாதம், ஸ்பெயினின் மலகா என்ற துறைமுக ஊரில். சம்பந்தமில்லாத இரண்டு செய்திதான், ஆனாலும் என் மண்டையில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று இந்த மூன்று பேர் மாதிரி நிற்க வேண்டுமென்றால் கல் மேல்தான் நிற்க வேண்டும், அதுவும் வெறுங்காலோடு முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது அந்தக் கல் எல்லாம் கறுப்பு. ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். அன்று பிக்காசோ இங்கே இருந்திருந்தால் நீலம் உதவியிருக்காது.

படத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தப் பலகையை அவர் வேறு படங்களுக்கும் பயன்படுத்தியிருக்கிறார். காசில்லாத ஓவியர்கள் எல்லோரும் செய்வதுதான். எக்ஸ் கதிர், அகச்சிவப்புக் கதிர் எல்லாம் வைத்து ஆராய்ந்தபோது நீலத்துக்குக் கீழே குதிரையும் காளைச் சண்டைக் காட்சியும் தெரிந்தன. தூசி, ரத்தம், கூட்டத்தின் கூச்சல். அதன் மேல்தான் இந்த மூன்று பேரும் ஓசை இல்லாமல் நிற்கிறார்கள். அந்தக் காலத்து நீலப் படங்களில் இப்படி நிறைய உண்டு: சிகாகோ கிழவருக்குப் பின்னால் ஒரு பெண், வாஷிங்டன் பிலிப்ஸ் கலெக்ஷனில் இருக்கும் நீல அறைப் படத்துக்கு அடியில் கழுத்தில் 'போ டை' கட்டிய ஒரு கனவான். பழைய படத்தைப் பிரித்தால் சட்டத்துக்கும் அட்டைக்கும் நடுவே வேறு யாருடைய போட்டோவோ கிடைப்பது எங்களுக்கும் வழக்கம். கெட்டியாக இருக்கட்டும் என்று முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள். கண்டால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சில சமயம் அதற்கும் ஒரு சட்டம் சேர்த்துப் போடச் சொல்வார்கள்.

ஒட்டுதல் சரிதானா என்று கேட்டதற்கு வருகிறேன். சோகமான ஓவியத்தை விரும்புகிறவர்களை இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒரு வகை, ஓவியரின் வாழ்க்கைக்காக விரும்புவது. வான்கோவின் ஒரு படம், நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை முஷ்டியில் புதைத்துக்கொண்டிருக்கும் கிழவர், கடைக்கு அடிக்கடி வரும். வரைந்தது 1890 மே மாதம். ஜூலை 29-ல் வான்கோ இறந்துவிட்டார். அதனால் பார்க்கிற எல்லோரும் அதில் வான்கோவையே பார்க்கிறார்கள். ஆனால் அந்த உருவத்தை அவர் 1882-லேயே, ஹேக் நகரத்து முதியோர் விடுதியிலிருந்த ஒருவரை உட்காரவைத்து வரைந்துவிட்டார். அந்தக் கிழவருக்கு என்ன கவலையோ, இப்போது யாரும் கேட்பதில்லை. இன்னொரு வகை, படத்தில் இருப்பவர்களுக்காகவே விரும்புவது. நீங்கள் இரண்டாவது வகை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. முதல் வகை என்றாலும் குற்றம் இல்லை, ஆனால் அதற்குப் புத்தகமே போதும், சுவர் வேண்டியதில்லை. பிக்காசோ பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பார்த்தால் அவருக்காக என்று நான் இந்தப் படத்தை மாட்டியிருக்கவே மாட்டேன்.

மாட்டுவதென்று முடிவு செய்தால் சில வேலைக் குறிப்புகள். அடர்த்தியான நீலப் படத்துக்குப் பளபளப்புக் கண்ணாடி போட்டால் எதிரே இருக்கும் டியூப்லைட்தான் தெரியும். வெளிச்சத்துக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி சுவர் பாருங்கள். சொரசொரப்புக் கண்ணாடி போட்டுத் தரச் சொல்வார்கள், வேண்டாம், நீலம் முழுக்கச் செத்து சாம்பலாகிவிடும். கண்ணாடி படத்தின் மேல் ஒட்டக் கூடாது. சுற்றிலும் வெள்ளை அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பின்பக்கம் நாலு ஓரமும் பேப்பர் டேப் ஒட்டினால் ராமபாணப் பூச்சியும் வராது. கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டினால் சுவரின் ஓதம் சட்டத்தில் ஏறாது. சட்டம் தங்க நிறத்தில் வேண்டவே வேண்டாம்.

அம்மா விஷயத்துக்கு என்னிடம் இருப்பது கடையில் கண்ட வழி மட்டும்தான். ஓவியர் பெயரையும் விலையையும் பெருமையையும் சொல்லிப் புரியவைக்கப் பார்க்காதீர்கள். சுவரில் மாட்டாமல், கூடத்தில் எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, "இவங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். என்னமாவது சொல்வார். உங்கள் படத்தில் இருப்பது யாராக இருந்தாலும் சரி, யாரோ ஒரு சித்தியின் கதையோ, பழைய பக்கத்து வீட்டுக்காரர் கதையோ வெளியே வரும். என் பெஞ்சில் உட்கார்ந்து அப்படி ஒரு கதை சொன்னவர்களில் ஒருவர்கூட, பிறகு அந்தப் படத்தை ஆகாது என்று சொன்னதில்லை. அதன் பிறகு எங்கே மாட்டலாம் என்று அவரையே கேளுங்கள். கான்கிரீட் சுவர் என்றால் வெறும் ஆணி நம்பாதீர்கள், ட்ரில் போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். இரண்டடிக்கு மேல் போனால் கண்ணாடியோடு சேர்த்து நல்ல கனம் இருக்கும்.